பாடத்திட்டக் குழுவினருக்கு: பன்னாட்டு வணிகத்தை நம்மூர்க் கண்டெய்னரிலிருந்து தொடங்குங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், வணிகவியல், மேலாண்மைத் துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மாங்கூழ், கிரானைட், மலர், வாகன உதிரிபாகம் என்று இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்து வெளிநாடு போகிற, வெளிநாட்டிலிருந்து இங்கே வருகிற சரக்குகளின் வேலையைப் பார்க்கும் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. கோரிக்கை ஒன்றுதான். பி.காம்., பி.பி.ஏ. படிக்கும் எல்லா மாணவருக்கும் பன்னாட்டு வணிகத்தைக் கட்டாயப் பாடமாக வையுங்கள். அதை இங்கிருந்து கிளம்பும் ஒரு கண்டெய்னரைக் கையில் பிடித்துக்கொண்டு நடத்துங்கள். வரையறைகளும் நன்மை தீமைப் பட்டியல்களும் இப்போது இருக்கிற அளவே போதும்.

"நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஏற்றுமதியாளர் ஆகப் போகிறார்கள்?" என்று கேட்பீர்கள். சிலரே ஆவார்கள். மற்றவர்களுக்கும் இந்தப் பாடம் ஏன் வேண்டும் என்பதற்கு 2025 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பெங்களூரா மாங்காய் விலை அடிமட்டத்துக்கு விழுந்தது. பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று விவசாயிகள் போராடினார்கள். பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தில் வெளிமாநிலக் காய் உள்ளே வரத் தடையே போட்டார்கள். முந்தைய ஆண்டு அரைத்த கூழ் விற்காமல் கிடங்கில் தேங்கியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் கூழ் ஏன் தேங்கும்? இந்திய மாங்கூழை அதிகம் வாங்கும் நாடுகளில் சவுதி அரேபியா, ஏமன், நெதர்லாந்து மூன்றும் உண்டு. 2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் ஒரு கப்பல் கைப்பற்றப்பட்டது. அடுத்த மாதமே பெரிய கப்பல் கம்பெனிகள் அந்த வழியைக் கைவிடத் தொடங்கின. ஆசியாவிலிருந்து நெதர்லாந்தின் ரோட்டர்டாம் போகிற கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் 10 முதல் 14 நாள் கூடுதலாகும். சவுதியின் ஜெட்டா துறைமுகமோ செங்கடலுக்கு உள்ளேயே இருக்கிறது. இங்கிருந்து நேரே போக பாப் எல் மண்டெப் நீரிணை ஒன்றுதான் வாசல். கப்பல்கள் கடலில் கூடுதல் நாள் சுற்றினால் காலிக் கண்டெய்னர் திரும்பி வருவது தாமதமாகும். கண்டெய்னருக்குத் தட்டுப்பாடு வந்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் வாங்குபவர் ஆர்டரைத் தள்ளிப்போடுவார். கடல்வழி ஒன்றின் மேலேயே பழியைப் போட முடியாது. விளைச்சல் மிகுதி, உள்நாட்டுக் குளிர்பானக் கம்பெனிகளின் கொள்முதல் ஆகியவையும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன. ஆனால் போச்சம்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருப்பவரின் மகள் பி.காம். முடித்த பிறகும் இந்தச் சங்கிலியை வரிசையாகச் சொல்லத் தெரியாமல் இருப்பது சரியில்லை.

பட்டும் அப்படித்தான். தருமபுரி அங்காடியில் பட்டுக்கூடு விற்பவர் எதையும் ஏற்றுமதி செய்வதில்லை. அவர் கையில் வாங்கும் விலையோ சீனப் பட்டுநூல் இந்தியாவில் வந்து இறங்கும் விலையோடு கட்டப்பட்டிருக்கிறது. 2021 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 15 ஆக்கினார்கள். வரி ஏறினால் கூடு விற்பவருக்கு ஆதரவு. அதே நூலை வாங்கும் நெசவாளருக்குச் செலவு. ஒரே மாவட்டத்தில் இரண்டு வீடுகளுக்கு எதிரெதிர் நலன். வணிகக் கொள்கை என்ற அத்தியாயத்தை இதைவிடத் தெளிவாகத் தொடங்க முடியுமா?

ஓசூர்ப் பக்கம் கதை வேறு. அங்கே இறக்குமதிதான் பெரிய பாடம். 2025 ஏப்ரல் 4 அன்று சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. ஓசூர்ப் பக்கம் தயாராகும் மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் இருப்பது அந்தக் காந்தம். பணம் கையில் இருந்தாலும் சரக்கு வராது. காந்தத்தை எந்தப் பொருளில், யார், எதற்குப் பயன்படுத்துவார் என்ற இறுதிப் பயன்பாட்டுச் சான்று போக வேண்டும். ஒரு காகிதத்துக்காக உற்பத்தி வரிசை காத்திருக்கும் நிலை. அந்தக் காகிதத்தைத் தயாரிப்பது பொறியாளர் வேலை இல்லை. கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் வணிகவியல் பட்டதாரியின் வேலை.

இனி, என்ன கற்றுத்தர வேண்டும் என்பதற்கு வருகிறோம்.

ஒரு இருபதடிக் கண்டெய்னர் பெங்களூரா மாங்கூழை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி நீக்கிய (அசெப்டிக்) பையில் நிரப்பி இரும்பு டிரம்மில் வைத்த கூழ், டிரம்முக்கு நிகர எடை 215 கிலோ. ஒரு பேலட்டில், அதாவது சரக்கு அடுக்கும் தட்டில், நான்கு டிரம். கண்டெய்னரின் உள் அகலம் ஏறக்குறைய 2.35 மீட்டர், நீளம் 5.9 மீட்டர், குறுக்கே இரண்டு பேலட், நெடுக்கே ஐந்து, அதன்மேல் இன்னொரு அடுக்கு. மொத்தம் 80 டிரம், 17,200 கிலோ. காயிலிருந்து கூழ் ஏறக்குறையப் பாதி அளவே கிடைக்கும் என்பதால், இந்த ஒரு பெட்டிக்குள் சுமார் 34 டன் மாங்காய் இருக்கிறது. இந்தக் கணக்கை முதல் வகுப்பிலேயே மாணவர்கள் கையால் போடட்டும். பேலட்டின் அளவு சில சென்டிமீட்டர் கூடினாலும் எண்பது டிரம் உள்ளே போகாது என்பது படம் வரைந்து பார்த்தால்தான் உறைக்கும்.

அடுத்தது விலைத்தாள். காய், அரவைச் செலவு, பை, டிரம், பேலட் என்று ஆரம்பித்து லாரி வாடகைக்கு வரும்போது மாணவர்கள் தடுமாறுவார்கள். காலிக் கண்டெய்னர் சென்னை யார்டிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்து, நிரம்பித் திரும்ப வேண்டும். ஆக, இரண்டு வழிக்கும் சேர்த்துத்தான் வாடகை. அதன்மேல் துறைமுகக் கையாள்கைக் கட்டணம், சுங்கத் தரகர் கட்டணம், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) கட்டணம், ஆய்வகச் சோதனை, வங்கிக் கமிஷன். இவ்வளவும் எஃப்.ஓ.பி. விலைக்குள், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையான விலைக்குள், அடங்க வேண்டும். கடல் வாடகையும் காப்பீடும் சேர்ந்தால் சி.ஐ.எஃப். இதைப் பாடநூலில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். பிரச்சினை அந்த இரண்டு வரிக்கு அப்பால்தான் இருக்கிறது.

செலவும் ஆபத்தும் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு எங்கே கைமாறும் என்று சொல்லும் பன்னாட்டு விதித்தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-இல் பதினொரு விதிகள் உண்டு. எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறும் வரை ஆபத்து விற்பவருடையது. ஆனால் கண்டெய்னர் சரக்கை விற்பவர் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் சரக்கு நிலையத்திலோ யார்டிலோ ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறார். கப்பல் தாமதமாகி, யார்டில் மழைத்தண்ணீர் புகுந்தால், தன் கையில் இல்லாத சரக்குக்குத் தானே பொறுப்பு. அதனால்தான் கண்டெய்னருக்கு, ஒப்படைத்த இடத்திலேயே ஆபத்து கைமாறும் எஃப்.சி.ஏ. பொருத்தம் என்று விதியை எழுதியவர்களே சொல்கிறார்கள். நம்மூரில் பெரும்பாலோர் பழக்கத்தில் எஃப்.ஓ.பி. என்றே எழுதுகிறார்கள். வாங்குபவரும் அதையே கேட்கிறார். சி.ஐ.எஃப்.பில் இன்னொரு பள்ளம்: விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு 'சி' வகைதான். கப்பல் மூழ்குதல், மோதல், தீ போன்ற பெரிய விபத்துகளுக்கு அது போதும். திருட்டுக்கும் பெட்டிக்குள் கடல்நீர் புகுவதற்கும் அது பதில் சொல்லாது. வாடகையும் காப்பீடும் விற்பவரே கட்டும் இன்னொரு விதியான சி.ஐ.பி. என்று எழுதினால், பரந்த பாதுகாப்புள்ள 'ஏ' வகை கட்டாயம். ஒரு எழுத்து மாறினால் இழப்பீடு மாறும். காப்பீட்டுத் தொகையும் சரக்கின் மதிப்பில் குறைந்தது 110 சதவீதம் இருக்க வேண்டும்.

சுங்கத்தில் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்.எஸ். எண்ணுக்குத் தனியே ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது; இந்தியாவில் எட்டு இலக்கம். 2022-இல் திருத்திய பதிப்பு நடப்பில் உள்ளது. கிரானைட்டையே பாருங்கள்: கரடுமுரடான பாறைத்துண்டும், வெறுமனே அறுத்த கல்லும் 2516; பாலிஷ் போட்ட பலகைக்கல் 6802. மாங்கூழுக்கு இந்தியப் பட்டியலில் 0804-இன் கீழ் தனி வரியே உண்டு. ஆனால் வேக வைத்ததா, சர்க்கரை சேர்த்ததா என்பதைப் பொறுத்து வாங்கும் நாட்டின் சுங்க அதிகாரி அதை 2007-க்கோ 2008-க்கோ தள்ளலாம். வரியும், மூலநாட்டுச் சான்றின் பேரில் கிடைக்கும் சலுகையும், ஏற்றுமதிச் சரக்கின் மேல் விழுந்த உள்நாட்டு வரிகளைத் திருப்பித் தரும் ரோட்டெப் திட்டத்தில் நமக்குக் கிடைக்கும் தொகையும் இந்த எண்ணைத்தான் பார்க்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவுடனானது அதே ஆண்டு டிசம்பர் 29 முதலும் நடப்பில் உள்ளன. அவற்றின் வரிச்சலுகைப் பட்டியலைத் திறந்து தன் ஊர்ச் சரக்கின் வரியைத் தேடி எடுப்பது மாணவருக்கு ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் வேண்டாம் என்று சொல்லாது.

எல்.சி. எனப்படும் கடன் உறுதிக் கடிதம்தான் இந்தப் பாடத்தின் முதுகெலும்பு. காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறோம் என்று வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதி அது. உலக வங்கிகள் அதற்குப் பின்பற்றும் விதித்தொகுப்பு யு.சி.பி. 600, 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது, 39 விதிகள். வங்கி காகிதத்தைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது என்பது அதன் அடிப்படை. எல்.சி.யில் '17.2 மெட்ரிக் டன்' என்று இருந்தால் ஐந்து சதவீதம் கூடக்குறைய அனுப்பலாம், தொகை மட்டும் மீறக் கூடாது. '80 டிரம்' என்று இருந்தால் 79 அனுப்ப முடியாது. எண்ணிக்கையாகச் சொன்ன இடத்தில் அந்த ஐந்து சதவீதம் கிடைக்காது. அளவுக்கு முன்னால் 'ஏறத்தாழ' என்று ஒரு சொல் இருந்தால் பத்து சதவீதம் வரை இடம் உண்டு. ஒப்பந்தம் பேசும்போதே இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு டிரம் ஒழுகிய பிறகு கேட்டுப் பயனில்லை. இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். மற்ற காகிதங்களில் பொதுப்படையாக இருக்கலாம், முரண்படக் கூடாது.

நாள் கணக்கும் முக்கியம். எல்.சி. வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், சரக்கு ஏறிய நாளிலிருந்து 21 நாளுக்குள், எல்.சி. காலாவதி ஆவதற்குள், காகிதங்கள் வங்கிக்குப் போய்ச்சேர வேண்டும். வங்கிக்கு ஆய்வு செய்ய ஐந்து வேலைநாள். 21 நாள் தாராளமாகத் தெரியும். ஆய்வக அறிக்கைக்கு ஒரு வாரம், பில் ஆஃப் லேடிங்கில் பெயர்ப்பிழை திருத்தத் திரும்பவும் சில நாள், மூலநாட்டுச் சான்று வரத் தாமதம் என்று போனால் கடைசியில் இரண்டு நாள் மிஞ்சும். தப்பு கண்டுபிடிக்கப்பட்டால் வங்கி அபராதக் கட்டணம் பிடிக்கும். அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் என்னவென்றால், பணம் தர வேண்டும் என்ற வங்கியின் கடமை அங்கே நின்றுவிடுகிறது, முடிவு வாங்குபவர் கைக்குப் போகிறது. அந்த வாரம் சந்தை விலை இறங்கியிருந்தால் அவர் டன்னுக்கு இவ்வளவு குறை என்பார். சரக்கு அங்கே துறைமுகத்தில் நிற்கிறது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடுகிறது. குறைக்காமல் என்ன செய்வது?

தேர்வில் 'எல்.சி.யின் வகைகளை விளக்குக' என்று கேட்பதற்குப் பதிலாக ஒரு எல்.சி. நகலும், வேண்டுமென்றே ஆறு பிழை வைத்த ஒரு செட் காகிதமும் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆறையும் கண்டுபிடித்துப் பச்சை மையில் வட்டமிடட்டும். மனப்பாடம் செய்து இதை எழுத முடியாது.

அந்நியச் செலாவணிக்கும் அதே பெட்டி போதும். டன் 900 டாலர் என்று வைத்துக்கொண்டால் 17.2 டன்னுக்கு 15,480 டாலர். பணம் வருவதற்கு மூன்று மாதம். அதற்குள் டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் 15,480 ரூபாய் போயிற்று. இருபது பெட்டி அனுப்பியிருந்தால் மூன்று லட்சத்துக்கு மேல். பின்னால் வரும் டாலரை இன்றே பேசிய விலைக்கு விற்கும் ஒப்பந்தமான ஃபார்வர்டை வங்கியில் போட்டு விலையைப் பூட்டலாம். ஆனால் சரக்கு தாமதமாகி, சொன்ன தேதியில் டாலர் வரவில்லை என்றால் அந்தப் பூட்டை உடைக்கவும் கட்டணம் உண்டு. முழுத் தொகைக்கும் ஃபார்வர்டு போடுவது நல்லதா, பாதிக்கா என்பதற்கு ஒரே விடை கிடையாது. வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாட ஏற்ற கேள்வி.

கிரானைட்டில் பாடம் வேறு. இரண்டு சென்டிமீட்டர் பலகைக்கல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ எடை. 26 டன் ஏற்றினால் 480 சதுர மீட்டர்தான்; பெட்டியில் பாதிக்கு மேல் காலியாகத் தெரியும், எடை வரம்போ முடிந்திருக்கும். 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்காத கண்டெய்னர் கப்பலேறாது. கல்லைத் தாங்கும் மரச்சட்டத்தில் இன்னொரு பொறி உள்ளது. மரத்தோடு பூச்சி நாடு தாண்டாமல் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதிப்படி, வெப்ப முறையில் பதப்படுத்தினால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் முப்பது நிமிடம் சூடாகியிருக்க வேண்டும். அதற்கான முத்திரை மரத்தில் தெரிய வேண்டும். கடைசி நிமிடத்தில் ஒரு கட்டை உடைந்து, பக்கத்தில் கிடந்த பச்சை மரத்தை அறைந்து அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. பல லட்சம் பெறுமான கல், முந்நூறு ரூபாய்க் கட்டைக்காக அந்த நாட்டுத் துறைமுகத்தில் நிற்கும்.

ரோஜாவில் எடை பிரச்சினையே இல்லை, இடம்தான். விமானத்தில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுக்கிறார்கள். 100, 40, 30 அளவுள்ள அட்டைப்பெட்டி தராசில் 14 கிலோ காட்டினாலும் கட்டணம் 20 கிலோவுக்கு. ஒரே மாவட்டத்தில் ஒரு பொருளுக்கு எடையும் இன்னொன்றுக்குக் கன அளவும் வாடகையைத் தீர்மானிக்கின்றன. தளவாடவியல் என்று ஒரு அத்தியாயம் நடத்துவதைவிட இந்த இரண்டு கணக்கைப் போடச் சொல்வது மேல். ஓசூரில் பறித்ததிலிருந்து பெங்களூரு விமான நிலையம் வழியாகக் கடைசி வரை 2 முதல் 4 டிகிரி குளிர் அறுபடக் கூடாது. நடுவில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. போய்ச்சேர்ந்து பெட்டியைத் திறக்கும்போது கழுத்து தொங்கும். தாவர நலச் சான்று வேறு தனியே வேண்டும்.

கெர்கின் வெள்ளரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். நம் சமையலுக்கே வராத காய், முழுக்க வெளிநாட்டு ஊறுகாய் ஜாடிக்காக நம் மாவட்டங்களில் ஒப்பந்தச் சாகுபடியில் விளைகிறது. கிலோவுக்கு எத்தனை காய் என்ற எண்ணிக்கையில்தான் தரம் பிரிப்பார்கள். காய் சிறிதானால் விலை அதிகம். ஒரு நாள் பறிக்கத் தவறினால் காய் பருத்து அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூலியாள் வராததும் ஐரோப்பிய விலைப்பட்டியலும் ஒரே வயலில் சந்திக்கின்றன. ஒப்பீட்டு நன்மை பற்றி ரிக்கார்டோ 1817-இல் இங்கிலாந்துத் துணியையும் போர்த்துகல் ஒயினையும் வைத்து எழுதினார். அதை நடத்துங்கள், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கோட்பாடு தெரியாமல் காகிதம் மட்டும் தெரிந்தவருக்குப் புதிய சூழலில் கை ஓடாது. நடத்தி முடித்த கையோடு, பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒரு விவசாயி நெதர்லாந்து உண்ணும் காயை ஏன் பயிரிடுகிறார், அந்த முடிவில் ஆபத்து யார் தலையில் என்று கேளுங்கள்.

அந்த ஆபத்தில் பெரியது மருந்து எச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு குறிக்காத பூச்சிமருந்துக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது ஆயிரம் டன் காய்க்குப் பத்து கிராம். குளோர்பைரிபாஸுக்கு 2020-இல் அங்கே அனுமதி முடிந்து, வரம்பும் இந்த அளவுக்கு இறங்கியது. பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலே சரக்கு தோற்கலாம். எந்த வயல், எந்தத் தேதி, எந்த மருந்து என்ற பதிவேடுதான் பாதுகாப்பு. அந்தப் பதிவேட்டை எழுத ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் அல்லாடுகின்றன. உங்கள் மாணவரோ வேலை தேடி ஓசூர்ப் பேருந்தில் நிற்கிறார்.

"இதையெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்" என்ற பதிலை நாங்கள் நிறையக் கேட்கிறோம். சுங்கத் தரகர் நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துத்தான் ஷிப்பிங் பில் என்ற சுங்க அறிவிப்பைப் போடுகிறார். எச்.எஸ். எண் தவறு, மதிப்பு தவறு என்றால் நோட்டீஸ் ஏற்றுமதியாளர் பெயருக்கே வரும். கப்பலில் இடம் ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர் சொல்லும் வாடகையில் எது கப்பல் கம்பெனிக்குப் போகிறது, எது அவர் வைத்துக்கொள்வது என்று படித்துப் பார்க்கத் தெரியாதவர் இருமுறை கொடுப்பார். இன்னொன்று: நமக்குச் சரக்கு விற்பவரின் மின்னஞ்சலைப் போலவே ஒன்று வந்து, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்னும். எழுத்து ஒன்று மட்டும் மாறியிருக்கும். கணக்கு மாற்றம் என்று வந்தால் ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் பேசாமல் பணம் அனுப்பக் கூடாது என்ற ஒரு விதி எத்தனையோ கம்பெனிகளைக் காப்பாற்றும். எந்த ஏஜென்ட்டும் இதைச் சொல்லித்தரப் போவதில்லை.

விதி எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கும் பாடத்தில் இடம் கொடுங்கள். 2025 ஆகஸ்ட் 7 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. அந்தத் தேதிக்கு முன்பே கப்பலேறியிருந்தால், செப்டம்பர் 17-க்கு முன் அங்கே சுங்கம் முடிந்தால், இரண்டாவது 25 கிடையாது என்று ஆணையில் விலக்கு இருந்தது. கேட்பதற்கு நல்ல செய்தி. சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆக, ஆகஸ்ட் 26 அன்று அவசர அவசரமாக ஏற்றிய பெட்டிக்கு அந்த விலக்கால் பயனில்லை. ஆணையைப் படித்துவிட்டு நாட்காட்டியில் கப்பல் நாளை எண்ணிப் பார்த்தவர் அந்த அவசரச் செலவைத் தவிர்த்திருப்பார். அதேபோல், ஏற்றுமதிப் பணம் ஒன்பது மாதத்துக்குள் நாட்டுக்குள் வர வேண்டும் என்பது பாடநூல்களில் உள்ள விதி. 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதைப் பதினைந்து மாதமாக்கியது. அச்சான பாடநூல் இதில் ஒருபோதும் முந்த முடியாது. மாணவருக்குத் தர வேண்டியது மூல ஆணையைத் தேடிப் படிக்கும் பழக்கம். ஆங்கிலத்தில் உள்ள ஆணையைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி எழுதுவதை உள்மதிப்பீட்டுத் தேர்வாக வைக்கலாம். தமிழ்வழியில் வந்த பிள்ளைக்கு அதில் கூச்சம் போகும், ஆங்கிலமும் வரும்.

செலவு அதிகம் ஆகாது. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம், சுங்கத் துறையின் ஐஸ்கேட், வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபேடா ஆகியவற்றின் தளங்கள் இலவசம். எந்த நாடு எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் டிரேட் மேப் தளத்திலும் பதிவு செய்து பார்க்கலாம். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்க அரசுக் கட்டணம் 500 ரூபாய். நிறுவனத்தின் பான் எண்ணே அந்த எண். அந்த எண் வந்த பிறகு ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏ.டி. குறியீட்டைத் துறைமுகத்தில் பதிவது, ஜி.எஸ்.டி.யில் உறுதிமொழிப் பத்திரம் போடுவது என்று ஒவ்வொரு படியையும் திரையில் காட்டலாம். 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் பயிற்சி நேரத்திலும் இதைப் பொருத்தலாம். வகுப்பெடுக்க ஓய்வுபெற்ற சுங்கத் தரகு ஊழியர்களும், வங்கி வெளிநாட்டு வணிகப் பிரிவில் இருந்தவர்களும் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் முனைவர் பட்டம் கேட்காமல் மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள்.

எங்கள் பங்குக்கு, முடிந்துபோன ஏற்றுமதிகளின் முழுக் கோப்புகளைத் தரத் தயாராக இருக்கிறோம். வாங்குபவர் விலை விசாரித்த முதல் மின்னஞ்சலிலிருந்து பணம் வந்த வங்கிச் சான்று வரை எல்லாம் இருக்கும். பெயர், விலை, கணக்கு எண்களை மட்டும் மறைத்திருப்போம். மாங்கூழ், கிரானைட், ரோஜா என்று மூன்று வகை. இரண்டு ஆசிரியருக்கு முதலில் பத்து நாள் எங்கள் அலுவலகங்களில் உட்கார இடமும் தருவோம். ஆசிரியர் ஒரு செட் காகிதத்தைத் தானே தயாரித்துப் பார்த்த பிறகு நடத்தினால் வகுப்பு வேறு மாதிரி இருக்கும்.

மாணவர்களை எங்கள் இடங்களுக்கு நேரில் அழைத்து வரும் மாதத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஜூன் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் வரை கூழ் ஆலைகளில் அரவை. அப்போது மாணவர்களை அழைத்து வந்தால் கேட்டிலேயே நிற்க நேரும். கப்பலேற்றமும் காகித வேலையும் பார்க்கச் செப்டம்பர் சரியான மாதம். கிரானைட்டுக்கு எந்த மாதமும் பரவாயில்லை, வரும்போது மூடிய காலணி அவசியம். ரோஜாவுக்கு, காதலர் தின அவசரத்தில், ஜனவரி 20-லிருந்து பிப்ரவரி 10 வரை யாரும் உங்களோடு பேசமாட்டார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் வாருங்கள். துறைத் தலைவரின் கையெழுத்தோடு எத்தனை மாணவர், எந்தத் தேதி என்று ஒரு கடிதம் இரண்டு வாரம் முன்னால் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏற்றுமதி இறக்குமதி வேலை பார்ப்போர் சிலர்